கூம்புச் சங்கு சேகரிப்பு: பொறுக்குவதா, வாங்குவதா, புதைபடிவமா, படமா?

"கூம்புச் சங்கு சேர்க்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மனதில் ஏற்கெனவே ஒரு பதிலோடுதான் வருகிறார்கள். பளபளப்பான ஓடு ஒன்றைப் பார்த்திருப்பார்கள், அதைப் போலப் பத்து வாங்கி வரிசையாக அடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். வாங்கலாம், தவறில்லை. ஆனால் அது நான்கு வழிகளில் ஒன்றுதான். அதிலுள்ள செலவு வாங்கும்போது கண்ணில் படுவதும் இல்லை.

கூம்புச் சங்குகளின் அறிவியல் பேரினமான கோனஸுக்கு 1758-ல் பெயர் வைத்தவர் லின்னேயஸ். கறுப்பில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட கோனஸ் மார்மோரியஸ் அதன் மாதிரி இனம், அதாவது பேரினத்தின் பெயருக்கு அடையாளமாக நிற்கும் இனம். இன்று உயிரோடு இருப்பவை பல நூறு இனங்கள். புதைபடிவங்களோ சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இயோசீன் காலத்தின் தொடக்கம் வரை போகின்றன. ஒரே பேரினத்தை இன்றைய பவளத்திட்டிலும் தேடலாம், பழைய கடலடி மண்ணிலும் தேடலாம். தேர்வு குழப்பமாவது இதனால்தான்.

## முதலில் எதை வைத்து அளப்பது?

நான் ஐந்து கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

இது எங்கே, எப்போது, எந்த ஆழத்தில் அல்லது எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? இனத்தை அடையாளம் காண எவ்வளவு வழி இருக்கிறது? இதற்காக ஓர் உயிர் போனதா? கைக்கும் சட்டத்துக்கும் ஆபத்து உண்டா? இருபது ஆண்டுகள் கழித்தும் இது கெடாமல் இருக்குமா?

முதல் கேள்விக்கு மற்ற நான்கையும் சேர்த்து வைத்தாலும் ஈடாகாது என்பது என் கருத்து. இடமும் தேதியும் இல்லாத ஓடு அழகான பொருள், அவ்வளவுதான். அதே ஓட்டோடு ஒரு துண்டுச் சீட்டு இருந்தால் அந்த இனம் அந்தக் கடலில் அந்த ஆண்டு இருந்தது என்பதற்கு அது சாட்சி. தொடங்கிய நாட்களில் நான் மூன்று இடங்களில் எடுத்த ஓடுகளைக் கழுவி ஒரே தட்டில் காய வைத்தேன். காய்ந்த பிறகு எது எந்த இடத்தது என்று பிரிக்க முடியவில்லை. அந்த ஓடுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன, சீட்டில்லாமல். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

## வழி ஒன்று: கரையில் ஒதுங்கிய வெற்று ஓடு

செலவு இல்லை, உயிர் போவதில்லை, இடமும் தேதியும் உங்கள் கையில். தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பள்ளி கிடையாது.

குறை என்னவென்றால், அலை உருட்டிய ஓட்டில் அடையாளங்கள் தேய்ந்திருக்கும். கூம்புச் சங்கை இனம் பிரிக்க நாம் பார்ப்பது தோள் எனப்படும் அகன்ற விளிம்பின் வடிவம், அதில் முண்டுகள் உண்டா இல்லையா, சுருள் முனையின் உயரம், அதன் மேல் ஓடும் மெல்லிய வரிகள், உச்சியில் இருக்கும் குஞ்சுப் பருவ ஓடு. கடற்கரை முதலில் அழிப்பது உச்சியைத்தான். நிறமும் வெளுத்துவிடும். பழைய கடலடி அடுக்குகள் அரிக்கப்படும் கரைகளில் புதைபடிவ ஓடுகளும் புதியவற்றோடு கலந்து ஒதுங்கும். சாம்பலோ தேன் நிறமோ ஏறிய, வழக்கத்தைவிடக் கனமான ஓடு கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

வெற்று ஓடு யாருக்கும் பயன்படாத பொருள் என்றும் நினைத்துவிடக் கூடாது. துறவி நண்டுக்கு அது வீடு. ஸ்பெயினின் சலோ கடற்கரையில் சுமார் முப்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை ஓடுகளை எண்ணிய ஆய்வு 2014-ல் வெளியானது. அந்த இடைவெளியில் சுற்றுலாப் பயணிகள் ஏறக்குறைய மூன்று மடங்காக, ஓடுகளின் எண்ணிக்கை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஓர் இனத்துக்கு ஒன்றிரண்டு போதும். மீதியை அங்கேயே விடுங்கள்.

அப்புறம், பாதுகாப்பு. கூம்புச் சங்கு வேட்டையாடும் நத்தை. அதன் பல், நஞ்சு நிறைத்துப் பாயும் ஈட்டி போன்றது. புழு தின்னும் இனங்கள்தான் அதிகம் என்றாலும் மீன் தின்னும் கோனஸ் ஜியோகிராஃபஸ் மனிதரையும் கொன்றிருக்கிறது. அதன் நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. "அகன்ற பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் ஒன்றும் ஆகாது" என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஈட்டியை நீட்டும் குழல் நன்றாக வளையும், ஓட்டின் பெரும்பகுதிக்கு எட்டும். வாய்க்குள் சதை தெரிந்தாலோ வெற்றுதான் என்று உறுதியாகத் தெரியாவிட்டாலோ கையால் தொடவே வேண்டாம். பாக்கெட்டில் போடுவது அதைவிட மோசம்.

## வழி இரண்டு: விற்பனையாளரிடம் வாங்கும் ஓடு

பார்வைக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. உச்சி முழுசாக, உதடு எனப்படும் வாயின் வெளிவிளிம்பு உடையாமல், நிறம் அப்படியே இருக்கும். ஓடு விற்பவர்கள் தரத்தை 'ஜெம்', 'ஃபைன்' என்று படி வைத்துக் குறிப்பார்கள். அடையாளம் காண்பதற்கும் இதுவே சுலபமான வழி.

ஆனால் 'ஜெம்' தரத்துக்கு என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். கடலடியில் செத்துக் கிடந்த ஓடு அந்த நிலையில் இருப்பது அபூர்வம். ஏறக்குறைய எப்போதும் உயிரோடு எடுத்து, சதையை நீக்கிச் சுத்தம் செய்ததுதான் அந்தத் தரத்தில் விற்பனைக்கு வரும். உலகில் உள்ள 632 கூம்புச் சங்கு இனங்களை மதிப்பிட்ட ஆய்வு 2013-ல் வெளிவந்தது. பெரும்பாலானவற்றுக்கு உடனடி ஆபத்து இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் இருக்கும் கேப் வெர்டி தீவுகளின் நிலைமை வேறு. அங்குள்ள பல இனங்களின் குஞ்சுகள் கடலில் நீண்ட தூரம் மிதந்து போவதில்லை. அதனால் சில இனங்கள் ஒரே தீவில், சில ஒரே விரிகுடாவில் மட்டும் வாழ்கின்றன. அப்படிப்பட்ட இனத்தில் பத்து ஓடு எடுப்பதும் பரவலான இனத்தில் பத்து ஓடு எடுப்பதும் ஒன்றல்ல. வாங்குவது என்று முடிவெடுத்தால், பரவல் குறுகிய இனங்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இதில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் உண்டு. உடைந்த உதட்டை அரத்தால் தேய்த்துச் சமன் செய்து விற்பார்கள். எண்ணெய் பூசிப் பளபளப்பைக் கூட்டுவார்கள். உதட்டின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இயற்கையான விளிம்பு மெல்லியதாக, வளர்ச்சிக் கோடுகளுக்கு இணையாகப் போகும். தேய்த்த விளிம்பு அந்தக் கோடுகளை வெட்டிக்கொண்டு போகும். சீட்டு இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. "பசிபிக்" என்று மட்டும் எழுதிய சீட்டும் சீட்டுதான், ஆனால் அதனால் பயன் இல்லை. தீவு, ஆழம், ஆண்டு மூன்றும் இருக்க வேண்டும்.

'முதலீடு' என்று நினைத்து வாங்குபவர்களுக்குக் கோனஸ் குளோரியாமேரிஸ் கதையைச் சொல்லத்தான் வேண்டும். 'கடலின் பெருமை' என்று பொருள்படும் அந்தப் பெயர் 1777-ல் வைக்கப்பட்டது. ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் உலகின் அரிய ஓடுகளில் ஒன்றாக அது பேசப்பட்டது. 1969-ல் சாலமன் தீவுகளைச் சேர்ந்த குவாடல்கனால் தீவின் கடலில் மூழ்குநர்கள் அது வாழும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகு ஓடுகள் வரத் தொடங்கின, மதிப்பும் இறங்கியது. விலை ஏறி நின்றதற்குக் காரணம் அது வாழும் இடம் யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான்.

சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் கூம்புச் சங்குகள் இல்லை என்பதால் எங்கும் தடையில்லை என்று அர்த்தமாகாது. உதாரணமாக, கோனஸ் மில்னிஎட்வர்ட்சி இனத்தை இந்திய அரசு 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. ஏற்றுமதி செய்யும் நாடு, வாங்கும் நாடு இரண்டின் விதிகளையும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

## வழி மூன்று: புதைபடிவம்

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எந்த உயிரும் போகவில்லை, கொட்டும் ஆபத்து இல்லை என்பதெல்லாம் தெரிந்ததே. எனக்கு முக்கியம் வேறு. நல்ல புதைபடிவ அடுக்கில் ஒரே இனத்தின் குஞ்சு, இளசு, முதிர்ந்தது எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். விற்பனையாளர் இதைத் தரவே மாட்டார், அவரிடம் இருப்பது பெரிதும் அழகானதும் மட்டும்தான். வளர வளரத் தோள் எப்படி மாறுகிறது, முண்டுகள் எந்தச் சுற்றில் மறைகின்றன என்று வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் 'ஓர் இனத்துக்குள் இவ்வளவு வேறுபாடா' என்று புரியும். நண்டு கடித்து உடைத்த உதட்டை நத்தை மறுபடி கட்டிய வடுக்களும் ஓட்டில் அப்படியே இருக்கும். கோணலாக ஓடும் ஒரு கோடு, அதற்கப்புறம் சற்றுத் திசை மாறிய வரிகள். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு நத்தை தப்பித்த தடம் அது.

"நிறம் போயிருக்குமே, எப்படி இனம் கண்டுபிடிப்பது?" என்பதுதான் பெரிய தயக்கம். நியாயமான கேள்வி. கூம்புச் சங்கு இனங்களைப் பிரிப்பதில் நிறக்கோலத்துக்குப் பெரிய பங்கு உண்டு, புதைபடிவமோ பெரும்பாலும் வெள்ளைதான். ஆனால் புற ஊதா ஒளியில் வைத்தால் பல ஓடுகளில் பழைய கோலம் எழுந்து வரும். நிறமி இருந்த இடம் ஒளிரும், இல்லாத இடம் இருண்டு கிடக்கும், புகைப்பட நெகட்டிவ் போல. டொமினிகன் குடியரசில் கிடைத்த, ஏறத்தாழ 48 லட்சம் முதல் 66 லட்சம் ஆண்டுகள் பழமையான ஓடுகளை இப்படிப் பார்த்து 28 இனங்களைப் பிரித்த ஆய்வு 2015-ல் வந்தது. அவற்றில் 13 இனங்கள் அறிவியலுக்கே புதியவை. ஓடுகளைப் பிளீச்சிங் திரவத்தில் ஊற வைத்த பிறகு ஒளிர்வு கூடுதலாகத் தெரிந்தது. இருட்டறையில் முதல் முறை அந்தப் புள்ளிகள் எழுவதைப் பார்ப்பது என்னைப் பொறுத்தவரை இந்த ஈடுபாட்டிலேயே மிகப் பெரிய மகிழ்ச்சி. புற ஊதா விளக்கைக் கண்ணுக்கு நேரே காட்டக் கூடாது, தகுந்த கண்ணாடி அணிய வேண்டும்.

புதைபடிவத்தில் மட்டுமே பார்க்கக்கூடிய இனங்களும் உண்டு. சுருள் முனையை மேலே வைத்து வாயை நம் பக்கம் திருப்பினால் சாதாரணக் கூம்புச் சங்கின் வாய் வலப்பக்கம் வரும். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் பிளையோசீன் கால அடுக்குகளில் கிடைக்கும் கோனஸ் அட்வர்சேரியஸுக்கு இயல்பாகவே இடப்பக்கம் வரும். அதாவது, சங்கு விஷயத்தில் நாம் 'வலம்புரி' என்கிற அதே சுற்று. அறிவியல் வழக்கில் அதை இடச்சுற்று என்பார்கள். பெயர் மாறுவதால் குழம்ப வேண்டாம், பார்க்கும் முறைதான் வேறு. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650-ல் அச்செடுத்த கோனஸ் மார்மோரியஸ் செதுக்கோவியத்திலும் வாய் இடப்பக்கம்தான் இருக்கிறது. அது இனத்தின் இயல்பு அல்ல. ஓட்டைப் பார்த்தபடியே தகட்டில் வரைந்தார், அச்சில் வலம் இடமாகிவிட்டது. கையெழுத்தை மட்டும் சரியாக வரும்படி திருப்பிப் போட்டிருக்கிறார்.

இனி செலவுப் பக்கம். கூம்புச் சங்கின் ஓடு அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் வகை. அது மண்ணுக்குள் கசியும் நீரில் சீக்கிரம் கரையும். பழைய பாறைகளில் ஓடு போய் உள்ளச்சு, அதாவது ஓட்டுக்குள் நிரம்பி இறுகிய மண், மட்டும் மிஞ்சும். உள்ளச்சை வைத்து இனம் சொல்லுகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். பேரினம் சொல்வதே பல சமயம் கடினம். ஓடு இருந்தாலும் சுண்ணாம்பு போலப் பொடியலாம். போதாக்குறைக்கு, கூம்புச் சங்கு உயிரோடு இருக்கும்போதே தன் உட்சுற்றுகளின் சுவரைக் கரைத்து மெல்லியதாக்கிக்கொள்ளும். வெளியே உறுதியாகத் தெரியும் ஓடு உள்ளே தாள் போல இருக்கும், அழுத்தினால் நொறுங்கும். அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 பிசினை நீர்க்கப் பூசி உறுதியாக்கலாம். புற ஊதாவில் பார்ப்பதாக இருந்தால் அதை முடித்துவிட்டுப் பூசுங்கள். மண்ணைப் போக்க வினிகர் மட்டும் வேண்டாம். அது மண்ணோடு சேர்த்து ஓட்டையும் தின்றுவிடும்.

எடுத்த அடுக்கு எது என்று குறிக்காத புதைபடிவம் வயதில்லாத புதைபடிவம். "மலைச்சரிவின் அடியில் கிடந்தது" என்றால் அது மேலே எந்த அடுக்கிலிருந்து உருண்டதென்று யாருக்கும் தெரியாது. பல நாடுகளில் புதைபடிவம் அரசுச் சொத்து, அனுமதியின்றித் தோண்டவோ வெளியே கொண்டு போகவோ முடியாது. நிலத்துக்காரர் சரி என்று சொல்வது மட்டும் போதாது.

## வழி நான்கு: எதையும் எடுக்காமல் படம் எடுப்பது

ஓட்டில் இல்லாதது எல்லாம் இதில் கிடைக்கும். நீர்க்குழலின் நிறம், கால் எப்படி இருக்கிறது, என்ன தின்கிறது, முட்டைப் பைகளை எங்கே ஒட்டுகிறது. கோனஸ் ஜியோகிராஃபஸ் வாயை வலை போல விரித்து மீனை உள்ளே இழுப்பதை எந்த ஓடும் சொல்லாது. அது மீனின் சர்க்கரையைத் தாழ்த்த இன்சுலினையே நீரில் கலக்கிறது என்று 2015-ல் கண்டறிந்தார்கள். கோனஸ் மாகஸின் நஞ்சிலிருந்து பிறந்த சிகோனோடைடு என்ற வலி மருந்துக்கு அமெரிக்காவில் 2004-ல் அனுமதி கிடைத்தது. உயிருள்ள நத்தையைக் கவனித்துப் பார்க்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

ஆனால் இது சுலபமான வழி அல்ல. பல இனங்கள் பகலில் மணலுக்குள் புதைந்திருந்து இரவில் வெளிவரும். இரவில் மூழ்கப் பயிற்சியும் துணையும் வேண்டும், கருவிகளும் மலிவல்ல. உயிருள்ள ஓட்டின் மேல் பழுப்பான மேல்தோல் படிந்து கோலத்தை மறைத்துவிடும். படத்தை வைத்து இனம் உறுதி செய்ய முடியாமல் போவது வழக்கம்தான். உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளத்தில் இடம், தேதியோடு ஏற்றினால் அது உங்கள் பெட்டிக்குள் முடங்காமல் பலருக்கும் பயன்படும். பரவல் குறுகிய இனமாக இருந்தால் மட்டும் துல்லியமான இடத்தை மறைத்து வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | கரை ஓடு | வாங்கும் ஓடு | புதைபடிவம் | படம் |
|---|---|---|---|---|
| இடமும் தேதியும் | உங்கள் கையில் | சீட்டை நம்பி | அடுக்கு குறித்தால் மட்டும் | தானாகப் பதிவாகும் |
| இனம் காண்பது | பாதி முடியும் | சுலபம் | உழைப்பு வேண்டும் | பல சமயம் சந்தேகம் |
| உயிர் | போவதில்லை | பெரும்பாலும் போயிருக்கும் | போவதில்லை | போவதில்லை |
| கைக்கு ஆபத்து | உயிருள்ளதைத் தொட்டால் | இல்லை | இல்லை | நெருங்கினால் உண்டு |
| மறைந்த செலவு | குறைவு | அலமாரி, ஏமாற்று, விலைச் சரிவு | உறுதியாக்கம், விளக்கு, அனுமதி | பயிற்சி, கருவி |

அலமாரி என்று குறித்ததற்குக் காரணம் உண்டு. ஓக் போன்ற மரங்கள் அமில ஆவியை வெளியிடும். மூடிய பெட்டிக்குள் அது ஓட்டின் மேல் வெள்ளை உப்பாகப் படர்ந்து மெல்ல அரிக்கும். 1899-ல் இதை எழுதிய பைன் என்பவர் கிருமிதான் காரணம் என்று நினைத்தார், 'பைன் நோய்' என்ற பெயரும் நிலைத்துவிட்டது. நோய் அல்ல, வேதிவினைதான். உலோக இழுப்பறை, அமிலமில்லாத அட்டைப் பெட்டி, ஈரம் குறைந்த அறை இவை போதும். மரம், சாதாரண அட்டை, பஞ்சு மூன்றும் வேண்டாம். வாங்கிய ஓடு, பொறுக்கிய ஓடு, புதைபடிவம் மூன்றுக்குமே இது பொருந்தும்.

## யாருக்கு எது?

கடற்கரைக்கு அடிக்கடி போக முடிகிறவர், குழந்தைகளோடு தொடங்குகிறவர்: கரை ஓடு. உயிருள்ளதைத் தொடக்கூடாது என்பதைக் குழந்தைக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

கடலிலிருந்து தள்ளி இருப்பவர், ஒரு விஷயத்தைப் பிடித்தால் ஆண்டுக்கணக்கில் உட்காரும் பொறுமை உள்ளவர்: புதைபடிவம். சட்டப்படி திறந்திருக்கும் ஒரே ஓர் அடுக்கைத் தேர்ந்தெடுத்து அதையே தொடருங்கள். உலகெங்கும் இருந்து ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏற்கெனவே மூழ்கத் தெரிந்தவருக்கு இரண்டாவது யோசனையே வேண்டாம், படம்தான்.

வாங்குவதை எப்போது பரிந்துரைப்பேன்? புதைபடிவத்தை ஒப்பிட்டுப் பார்க்க, பரவலாக வாழும் சில இனங்களின் நல்ல ஓடு பக்கத்தில் தேவைப்படும்போது. இடம் சரியாகக் குறித்த பத்துப் பன்னிரண்டு ஓடுகள் அதற்குப் போதும். அதிலும் பழைய சேகரிப்புகள் கைமாறும்போது வருபவற்றை முதலில் பாருங்கள், புதிதாக ஒரு நத்தையை எடுக்க வேண்டியதில்லை.

எந்த வழியில் போனாலும் பெயர் ஒரு தொல்லை. 2009-ல் வந்த ஒரு வகைப்பாடு இந்த நத்தைகளைப் பல டஜன் பேரினங்களாக உடைத்தது. 2014-ல் மரபணுவை வைத்துப் பார்த்தவர்கள் நான்கு பேரினங்கள் போதும் என்றார்கள், பெரும்பாலான இனங்கள் மறுபடி கோனஸுக்குள் வந்தன. சீட்டில் பழைய பெயரை அடிக்காமல், அதன் கீழே புதிய பெயரையும் எழுதிய ஆண்டையும் சேர்த்துக்கொண்டே போங்கள். இடமும் தேதியும் சரியாக இருந்தால் பெயரை எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம்.

சரி, வீட்டுப் பெரியவர் விட்டுச்சென்ற ஒரு பெட்டி ஓடுகள் ஏற்கெனவே இருக்கின்றன, அதை என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். கழுவாதீர்கள், தரம் பிரிக்காதீர்கள். இருக்கும் நிலையிலேயே ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுங்கள். ஓடுகளுக்கு அடியில் மடித்துக் கிடக்கும் செய்தித்தாள் துண்டு, தீப்பெட்டி மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய ஊர்ப்பெயர், ஓட்டின் வாய்க்குள் சுருட்டிச் செருகிய காகிதம் என்று எதையும் எறியாமல், அது எந்த ஓட்டோடு இருந்ததோ அதோடே வையுங்கள். அவரோடு கடலுக்குப் போனவர்கள் யாராவது இருந்தால், இந்த வாரமே அவர்களிடம் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டி, சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.